கோட்டுப் பைக்குள் ஒரு கோளாறு

துப்பாக்கி வாயைத் திறந்தபடியே நின்றது.

குசினி மேசையில் பழைய துவாய் ஒன்றை விரித்து, அதன்மேல் அதை வைத்துக்கொண்டு அரியரத்தினம் தள்ளிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், மேசை விளிம்பில் மெல்லத் தட்டியும் பார்த்தான். பின்னால் போன மேல்மூடி முன்னால் வருவதாக இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னச் சாமான். அதற்குள் இத்தனை பிடிவாதம்.

"அந்தச் சனியனைப் புட்டுப்பானைக்குப் பக்கத்தில வையாதேங்கோ" என்றாள் யோகராணி, அடுப்பைப் பார்த்தபடியே.

"சனியன் எண்டு சொல்லாத யோகா. பாங்கின்ர சொத்து."

"பாங்கின்ர சொத்தெண்டால் பாங்கில இருக்கட்டுமன். ஏன் என்ர குசினிக்கு வந்தது?"

"குண்டெல்லாம் அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு. இது இப்ப வெறும் இரும்பு."

"வெறும் இரும்பெண்டால் ஏன் அதோட மல்லுக்கட்டுறியள்?"

இந்தக் கேள்விக்கு அரியரத்தினத்திடம் பதில் இருந்தது. அவனிடம் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும். கொழும்பில் வங்கி எழுதுவினைஞனாக இருந்தவன், மெல்பேர்னுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளே கோட்டும் டையுமாக ஃபுட்ஸ்க்ரேயில் சதேர்ன் குரோவர்ஸ் பாங்கின் கதவைத் தட்டி, "உங்களுக்கு நான் தேவைப்படுவேன்" என்று சொன்னவன். சொன்ன விதத்தில் மனேஜர் விட்ஃபீல்டுக்கே அப்படித்தான் தோன்றிவிட்டது. அரியரத்தினம் என்ற பெயர்தான் அவருடைய நாக்கில் ஏறவில்லை. அன்றிலிருந்து வங்கியில் அவன் ஹாரி.

செவ்வாயும் வெள்ளியும் அவனுக்கு வெரிபீயில் வேலை. கோவா, பூக்கோவா என்று மரக்கறி விளைகிற ஊர். அங்கே மாட்டுத் தீவனக் கடைக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறையில் வங்கியின் சின்ன முகவர் நிலையம் இருந்தது. அதற்கு வேண்டிய பணத்தை அவன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து ரெயிலில் கொண்டுபோவான். ஒரு கறுத்த மனிதன் சாப்பாட்டுப் பையோடு ரெயிலில் போனால் அதற்குள் சோறு இருக்குமென்றுதான் எவனும் நினைப்பான் என்பது தலைமையகத்தின் கணிப்பு. கணிப்புப் பிழைத்தால் என்ன செய்வது என்பதற்காகத்தான் கோட்டின் உள்பைக்குள் இந்தத் துப்பாக்கி. விடியவே புறப்பட வேண்டியிருந்ததால் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதியும் தந்திருந்தார்கள்.

"ஆராவது வந்து பையைக் கேட்டால் குடுத்திட்டு வாங்கோவன்" என்றாள் யோகராணி. "எங்கட காசே?"

"குடுக்கிறதோ? நான் பள்ளிக்கூடத்தில கடெற் படையில இருந்தனான். துவக்கு எடுத்துச் சுடுவன்!"

"கடெற் காம்பில சுட்டு அயல்காணிக்காரரின்ர தண்ணித் தாங்கியில ஓட்டை போட்டதெண்டு உங்கட அண்ணர் சொன்னவர்."

"அது காத்து."

புட்டு இறங்கியது. அரியரத்தினம் துப்பாக்கியைத் துவாயோடு சேர்த்து ஒதுக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"யோகா, விளையாட்டில்லை. வெரிபீயில புது வீடெல்லாம் எழும்புது. வாற வருசம் அது முழுக் கிளை. அதுக்கு மனேஜராய் என்ர பேரைத்தான் விட்ஃபீல்ட் எழுதி அனுப்பியிருக்கிறார். ஆனால் தலைமையகத்திலயிருந்து இன்ஸ்பெக்டர் வாறார். அவருக்கு முன்னால இதாலை அஞ்சு குண்டு சுட்டுக் காட்டவேணும். துவக்கை ஒழுங்காய் வைச்சிருக்கத் தெரியாதவனுக்குக் கிளையைக் குடுக்கமாட்டினம்."

யோகராணி சம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து, அந்தச் சாமானை முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாள்.

"எண்ணெய் விட்டனீங்களே?"

அரியரத்தினத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "பாங்க் தந்த சின்னப் போத்தில் எங்க?"

"அதையோ? தையல் மெஷினுக்கு விட்டிட்டன். முடிஞ்சுபோச்சு. தேங்காயெண்ணெய் விடுங்கோவன். எண்ணெய் எண்ணெய்தானே."

தேங்காயெண்ணெய் விட்டதும் அந்தப் பிடிவாதக்காரத் துப்பாக்கி பெட்டிப்பாம்பாகிவிட்டது. மேல்மூடி வழுக்கிக்கொண்டு போனது, வழுக்கிக்கொண்டு வந்தது. அரியரத்தினம் அதைப் பத்துத்தரம் இழுத்துவிட்டு, மனைவியைப் பெருமையோடு பார்த்தான். இத்தனை நாளும் எதிர்த்துக்கொண்டிருந்தவள் தோள்கொடுக்க வந்துவிட்டாள். இனி வெரிபீ என்ன, மெல்பேர்ன் முழுவதையும் நிர்வகிக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை வெரிபீயில் புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்தது. வசந்தகாலம் என்று நாட்காட்டி சொன்னது. முகவர் நிலையத்தின் பின்பக்கம் போய் ஒத்திகை பார்க்கத் துப்பாக்கியை எடுத்தான். மேல்மூடி அசையவில்லை. இடுக்குகளிலெல்லாம் வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி ஏதோ உறைந்து நின்றது.

மெல்பேர்னுக்கு வந்த நாளிலிருந்து தினமும் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கித்தான் அவன் தலைக்கு வைக்கிறான். தலைக்கு வைக்கும்போது தெரிந்திருந்த பௌதீகம், துப்பாக்கிக்கு வைக்கும்போது மறந்துபோயிற்று.

"அதுக்கென்ன?" என்றான் அன்று மாலை. அவன் மனம் தளர்கிற ஆளல்ல. "சூடாய் வைச்சிருந்தால் சரி. இளகிப்போய் நிக்கும்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள் யோகராணி. "என்ர சுடுதண்ணிப் பை இருக்கு. கோட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு போங்கோ. நான் நல்லாய்க் கொதிக்கவைச்சு ஊத்தித் தாறன்."

செவ்வாய்க்கிழமை அரியரத்தினம் கோட்டுக்குள் ரப்பர் பையோடு வங்கிக்குப் பணம் எடுக்கப் போனான். வயிறு ஏழு மாதத்துக்குப் புடைத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"ஹாரி, உனக்கு உடம்பு சரிதானே?" என்றார் விட்ஃபீல்ட். அறுபதை எட்டிப் பிடிக்கிற, முகம் சிவந்த, நல்ல மனிதர்.

"மிக நன்றாக இருக்கிறேன், சேர். ஆயுதத்தைத் தயார்நிலையில் வைத்திருக்கிறேன்."

விட்ஃபீல்ட் அவனுடைய வயிற்றைப் பார்த்தார். "பெரிய ஆயுதமாகத் தெரிகிறதே."

ரெயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டியிருக்கும். அரியரத்தினத்தின் நெஞ்சில் இதமான ஒரு சூடு பரவியது. பிறகு வயிற்றில் பரவியது. அதன் பிறகு அது இறங்கக்கூடாத இடத்துக்கெல்லாம் இறங்கியது. பையின் மூடி சரியாக இறுகவில்லை என்பது அவனுக்கு விளங்கியபோது, முன்னாலிருந்த வெள்ளைக்காரக் கிழவி அவனுடைய காற்சட்டையை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மாமனாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லி, படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து நீட்டினாள். "கீழே போட்டு உட்காரப்பா. வெட்கப்படாதே."

"நன்றி, அம்மா. இது வங்கி அலுவல்" என்றான் அரியரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

சனிக்கிழமை துப்பாக்கியில் துரு பூத்துவிட்டது. அரியரத்தினம் தொலைபேசியை எடுத்து, கிளேட்டனில் இருந்த நண்பன் கேதீஸ்வரனைக் கூப்பிட்டான். கேதீஸ்வரன் அங்கே பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் ஆராய்ச்சி மாணவன். சிநேகிதர் வீட்டுத் தண்ணீர்க்குழாய் ஒழுகினாலும் சமன்பாடு எழுதித்தான் நிறுத்துவான்.

"மச்சான், சின்னத் துவக்கெல்லாம் இப்பிடித்தான்" என்றான் வந்ததும் வராததுமாக. "பெரிய துவக்கில இடைவெளி இருக்கும். ஊத்தை போனாலும் சமாளிக்கும். இதைப் பைக்குள்ள வைக்கிறதுக்காக இறுக்கி இறுக்கிச் சின்னனாக்கியிருக்கிறாங்கள். ஒரு நூல் போனாலே மக்கர் பண்ணும். கழட்டினால்தான் சரி."

"திரும்பப் பூட்டத் தெரியுமோ?" என்றாள் யோகராணி.

"அன்ரி மாதிரிக் கேக்கிறியளே, யோகாக்கா. நான் எஞ்சினியர்."

கழற்றினான். துவாய் முழுவதும் சின்னச் சின்ன இரும்புகள் பரவின. மண்ணெண்ணெயில் கழுவினான், துரு தேய்த்தான், ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிடிக்கு அடியில் குண்டுக்கூட்டைக் கழலாமல் பிடித்து வைத்திருக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங் மட்டும், அவன் பெயர் சொல்லி முடிப்பதற்குள் "டிங்" என்று பறந்துவிட்டது.

மூன்று பேரும் தரையில் தவழ்ந்தார்கள். கதிரைகளுக்குக் கீழே பார்த்தார்கள். குளிர்ப்பெட்டியை நகர்த்தினார்கள். யோகராணிதான் எல்லாரையும்விடக் கவனமாகத் தேடினாள். பருப்புச் சட்டிக்குள்கூட அகப்பையை விட்டுக் கிளறிப் பார்த்தாள்.

"இல்லையப்பா. பூமி விழுங்கிப்போட்டுது" என்றாள் கடைசியில், சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு.

"கவலை வேண்டாம்" என்றான் கேதீஸ்வரன். அரியரத்தினத்தின் சட்டைப்பையிலிருந்த குமிழ்ப் பேனையைப் பிடுங்கினான். "ஸ்பிரிங் ஸ்பிரிங்தானே."

இந்த வாக்கியத்தின் அமைப்பை எங்கேயோ கேட்டது போல் அரியரத்தினத்துக்கு இருந்தது. ஆனால் பூட்டி முடித்ததும் துப்பாக்கி அழகாக வேலை செய்தது. இழுத்தால் போனது, விட்டால் வந்தது. மூன்று பேரும் தேநீர் குடித்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெரிபீயில் ஒரு பூக்கோவாத் தோட்டக்காரர் வந்து கௌன்டரில் நின்றார். இத்தாலியக் கிழவர். வேலையிலிருந்து நேரே வந்தவர், மேலெல்லாம் மண். அந்த மண் அரியரத்தினத்தின் மூக்கில் ஏற, அவன் ஒரு தும்மல் போட்டான். கோட்டுக்குள் "கிளிக்" என்றது. குண்டுக்கூடு விடுபட்டு, கோட்டு ஓரத்தால் வழுக்கி, கௌன்டரில் விழுந்து, சறுக்கி, கிழவருடைய கையடியில் போய் நின்றது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"உன்னுடைய லைட்டர் விழுந்துவிட்டது, மகனே" என்று எடுத்துக் கொடுத்தார் கிழவர். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார்: "என்னுடைய துப்பாக்கி வெடிக்கவும் மாட்டாது. வீட்டில் முயல் சுட ஒன்று வைத்திருக்கிறேன். முயல்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்."

அன்று பின்னேரம் விட்ஃபீல்ட் கூப்பிட்டுச் சொன்னார்: "ஹாரி, வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் பிரைஸ் வருகிறார். காலை பத்து மணிக்கு. வெரிபீ உன் கையில்தான் இருக்கிறது. துப்பாக்கி எப்படி?"

"ஒரு தும்மலுக்கே வேலை செய்கிறது, சேர்" என்றான் அரியரத்தினம். அதில் பொய் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஸ்பிரிங்கை மெல்லிய கம்பியால் கட்டி இறுக்கினான். எல்லாம் ஒழுங்கு. வெள்ளி காலை கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். அப்படித்தான் நினைத்தான்.

வியாழக்கிழமை ஆயுத பூசை.

வேலையால் வந்து பார்த்தால் சாமியறையாக மாறியிருந்த படுக்கையறை அலுமாரித் தட்டில் தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள், புத்தகங்கள், கேதீஸ்வரன் கொண்டுவந்து வைத்த, கணக்குப் போடுகிற கணிப்புக்கோல் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில், எல்லாவற்றுக்கும் தலைவர் மாதிரி, துப்பாக்கி. நெற்றி என்று சொல்லக்கூடிய இடத்திலும், சொல்ல முடியாத எல்லா இடங்களிலும் சந்தனம். அதன்மேல் குங்குமம். வாய்க்குள் ஒரு செவ்வந்திப்பூ.

"யோகா!"

"என்னப்பா கத்துறியள்? சாமிக்கு முன்னால."

"என்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் வேறென்னத்தை வைக்கிறது? ஊரில எல்லாரும் அகப்பையும் பேனையும் வைச்சுத்தான் சமாளிக்கிறவை. எங்கட வீட்டில மட்டும்தான் உண்மையான ஆயுதம் இருக்கு. நாளைக்குச் சோதனையெல்லே? நல்லபடி வெடிக்கவேணும் எண்டு பன்னீரில குழைச்சுப் பூசினனான்." அவளுடைய கண்கள் கலங்கிவிட்டன. "உங்களுக்கு வெரிபீ கிடைக்கவேணுமெண்டு எனக்கு ஆசை இல்லையே?"

அரியரத்தினம் உருகிப்போனான். கை தானாகத் துப்பாக்கிப் பக்கம் நீண்டது. "சரியம்மா. இப்ப எடுத்துத் துடைச்சிட்டு..."

"தொடாதேங்கோ!" என்று தடுத்தாள். "பூசையில வைச்சதை நாளைக்கு விடிய விஜயதசமிப் பூசை முடியாமல் எடுக்கலாமே? தெரியாதே உங்களுக்கு?"

"அக்கா சொல்லுறது சரி" என்றான் கேதீஸ்வரன், வாய் நிறையச் சுண்டலோடு. "நானும் என்ர கணிப்புக்கோலை நாளைக்குத்தான் எடுப்பன்."

"உன்ர கணிப்புக்கோலால ஆரடா சுடப்போறான்?"

வெள்ளி காலை யோகராணி தலைமுழுகிவிட்டு வந்து விளக்கேற்றினாள். தெரிந்த பாட்டெல்லாம் பாடினாள். ஒன்று முடிந்தது என்று அரியரத்தினம் கையை நீட்டும்போதெல்லாம் அடுத்ததைத் தொடங்கினாள். கடைசியில் கற்பூரம் காட்டி, அவனுடைய நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து, துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். இரவு முழுக்கக் காய்ந்த சந்தனம் சீமெந்தாகியிருந்தது.

கேதீஸ்வரனுடைய காரில் போகும்போதே அரியரத்தினம் பழைய பல்தூரிகையால் தேய்த்தான். குழல் துப்புரவானது. பூ வெளியே வந்தது. இடுக்குகளுக்குள் போன சந்தனம் மட்டும் அசையவில்லை.

"வெடிக்குமோ மச்சான்?" என்றான் கேதீஸ்வரன்.

"வெடிக்கும்" என்றான் அரியரத்தினம். கோட்டை இழுத்து நேராக்கிக்கொண்டான். "வெடிக்காட்டிலும் நான் கதைப்பன்."

சுடுதிடலில் இன்ஸ்பெக்டர் பிரைஸ் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, மேலுதட்டில் நரைத்த கோடு மாதிரி மீசை, முகத்தில் வாழ்க்கையே அலுத்துப்போன களை. முதலில் விட்ஃபீல்டைக் கூப்பிட்டார். மனேஜர்களுக்கும் சோதனை உண்டு. விட்ஃபீல்ட் குறி பார்த்தார், மூச்சைப் பிடித்தார், விசையை அழுத்தினார்.

"டிக்."

மறுபடியும் அழுத்தினார். அந்த டிக் கூட வரவில்லை. மேல்மூடி பாதி வழியில் நின்றுவிட்டது. விட்ஃபீல்டின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது.

"அடுத்தவர்" என்றார் பிரைஸ், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அரியரத்தினம் முன்னே போனான். நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டி, கடெற் காலத்து நிமிர்வோடு நின்றான். வெரிபீயை நினைத்துக்கொண்டு அழுத்தினான்.

சத்தமே இல்லை. நல்ல வாசம்தான் வந்தது.

பிரைஸ் எழுந்து வந்தார். துப்பாக்கியை வாங்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இது என்ன வாசனை?"

"சந்தனம், சேர்."

"எதற்கு?"

இதுதான் தருணம் என்று அரியரத்தினத்துக்குத் தெரிந்தது. இங்கே தடுமாறினால் வெரிபீ போயிற்று. அவன் தடுமாறவில்லை.

"எங்கள் மக்களிடம் ஆயுதங்களுக்கு வருடாந்தப் பரிசோதனை என்று ஒன்று உண்டு, சேர். அது நேற்றுத்தான் முடிந்தது."

"யார் பரிசோதிப்பது?"

"ஒரு அம்மா. கல்விக்கும் பொறுப்பானவர். மிகக் கண்டிப்பு."

பிரைஸ் அதைக் கேட்டுத் தலையாட்டினார். "அப்படியிருந்தும் ஏன் வெடிக்கவில்லை?"

அரியரத்தினம் சொல்லத் தொடங்கினான். பெரிய துப்பாக்கியில் இருக்கும் இடைவெளி, சின்னதில் இல்லாத இடைவெளி. குளிரில் எண்ணெய் உறைவது. ஈரத்தில் துரு ஏறுவது. குண்டுக்கூட்டின் ஸ்பிரிங் எவ்வளவு மெல்லியது, ஒரு தும்மலில் என்னவெல்லாம் நடக்கக்கூடும். மேசைமேல் துப்பாக்கியை ஒரு நிமிஷத்தில் கழற்றிப் பரப்பி, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லி, ஒவ்வொன்றின் குற்றத்தையும் சொன்னான். தான் பட்ட பாட்டையெல்லாம் துப்பாக்கியின் குணமாக்கிச் சொன்னான். விட்ஃபீல்ட் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்தபோது பிரைஸின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஜீலோங்கில் வெடிக்கவில்லை. பெண்டிகோவில் வெடிக்கவில்லை. மாநிலம் முழுக்க நான் பார்த்த துப்பாக்கிகளில் ஒழுங்காக வெடித்தது ஒன்றே ஒன்று. பல்லாரட்டில் ஒரு பையன், கலியாணமாகாதவன். வேலைவெட்டி இல்லாமல் அதையே துடைத்துக்கொண்டிருக்கிறான்போல. மற்றவர்களிடம் ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டால் விழிக்கிறார்கள். காரணம் சொல்லத் தெரிந்த முதல் ஆள் நீதான். இந்தச் சாமான்களே மோசம் என்று நான் அறிக்கை எழுதப்போகிறேன். எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு, பணத்துக்குக் காவல் வண்டி போடச் சொல்கிறேன்."

"வெரிபீ, சேர்?" என்றான் அரியரத்தினம்.

"தன் ஆயுதத்தை இந்த அளவுக்கு அறிந்து வைத்திருக்கிறவனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?"

அடுத்த சனிக்கிழமை விட்ஃபீல்டும் மனைவி டோரிஸும் அரியரத்தினம் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். யோகராணி கோழிக்கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்து, இடியப்பம் அவித்திருந்தாள். டோரிஸ் நீலப்பூப் போட்ட கவுனில், நரைத்த கொண்டையோடு, வந்ததிலிருந்து எல்லாவற்றையும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அரியரத்தினம் துப்பாக்கிக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னான். தேங்காயெண்ணெய் வந்தது, சுடுதண்ணீர்ப் பை வந்தது, பூசை வந்தது. விட்ஃபீல்ட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"என்னுடையதும் இதே கூத்துத்தான், ஹாரி" என்றார். "மூன்று தடவை மாற்றித் தந்தார்கள். மூன்றும் ஒட்டிக்கொண்டன. தொழிற்சாலையில் ஒரு ஒழுங்கும் இல்லை."

"இல்லவே இல்லை, சேர்" என்றான் அரியரத்தினம், வெரிபீக் கிளையின் மனேஜர் என்ற முறையில். "சின்னத் துப்பாக்கியை நம்பவே கூடாது. அது அதன் பிறவிக் குணம்."

சாப்பாடு முடிந்து பெண்கள் கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுபோனார்கள். விட்ஃபீல்டுக்கு உறைப்பில் விக்கல் வந்துவிட்டது. அரியரத்தினம் தண்ணீர் எடுக்க எழுந்தான். குசினிக்குப் போகும் நடையோடையில் நடந்துபோகும்போது மனம் நிறைந்திருந்தது. நல்ல வேலை. நல்ல ஊர். துப்பாக்கி வெடிக்கவேண்டுமென்று தலைமுழுகிப் பாட்டுப் படித்த மனைவி. அவளுக்கு ஒரு நன்றி சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தவன், உள்ளே அவளும் டோரிஸும் அடக்கமாட்டாமல் சிரிப்பதைக் கேட்டு நின்றான்.

டோரிஸ் தட்டைத் துடைத்தபடியே குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"என் கணவர் ஹேரல்டின் துப்பாக்கிக்கு நான் இத்தனை வருஷமும் தேன்தான் விட்டுக்கொண்டு வந்தேன், யோகா, மனுஷன் சுடப்போய்ச் சாகாமல் உயிரோடு வீட்டுக்கு வரவேண்டுமே, ஆனால் அதில் எறும்பு பிடிக்கிறது, உன்னுடைய சந்தனம்தான் எவ்வளவோ மேல்."